இன்ஸ்டால் ஆகிவிட்டால் வேலை முடிந்ததா? நம் கல்வி நிதிப் பதிவேடு பற்றி என் கருத்து



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள். கணினித் துறையில் இல்லாதவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். காரணம், இது நாம் எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

நம் முன்னாள் மாணவர் கல்வி நிதியின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி வந்தது. "சார், வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து டேட்டாபேஸ் போட்டாச்சு. இனி நோட்டுப் புத்தகம் வேண்டாம், எல்லாம் அதிலேயே ஏத்திடலாம். வேலை முடிஞ்சது." கைதட்டும் படங்கள் வரிசையாக வந்தன. எனக்கும் மகிழ்ச்சிதான். சொந்த வேலைக்கு நடுவே தூக்கம் விட்டு இதைச் செய்த பிள்ளைகளைப் பாராட்டுகிறேன். ஆனால் "வேலை முடிஞ்சது" என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடு இல்லை.

என் கருத்து இதுதான். டேட்டாபேஸை நிறுவுவது பத்து நிமிட வேலை. அதை நம்பி ஒரு பிள்ளையின் பெயரை எழுதலாம் என்ற நிலைக்குக் கொண்டுவருவதுதான் உண்மையான வேலை. அந்த நிலை வரும்வரை நம் பழைய பதிவேடு பீரோவிலேயே இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். அந்தப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அப்பா இல்லாத பிள்ளை யார், அம்மா கூலி வேலைக்குப் போகும் வீடு எது, யாருடைய வங்கிக் கணக்கில் எவ்வளவு போட்டோம், எந்தப் பருவத்துக்குக் கட்டணம் பாக்கி, எல்லாம் அதில் இருக்கிறது. அது தொலைந்தால் ஒரு பெண்ணுக்குத் தேர்வுக் கட்டணம் குறித்த தேதியில் போய்ச் சேராது. வெளியே கசிந்தால் அதைவிட மோசம். "நீ உதவிப் பணத்துல படிக்கிறவதானே" என்று கூடப் படிக்கும் பிள்ளை கேட்டுவிட்டால், அந்தச் சொல்லை நம்மால் திரும்ப வாங்க முடியாது.

எக்செல் போதாதா?

உறவினர்களில் பலர் இதைத்தான் கேட்டார்கள். இதுவரை ஓரளவு போதுமாக இருந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை கூடக்கூட அதன் குறைகள் தெரிகின்றன. கணக்கு எண்ணின் முன்னால் பூஜ்யம் இருந்தால் எக்செல் அதைச் சாப்பிட்டுவிடும். அது ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே தட்டச்சு செய்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. பணம் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். ஒரே கோப்பை மூன்று பேர் மூன்று பெயரில் சேமித்து வைத்தால் எது கடைசி என்று கண்டுபிடிக்கவே ஒரு கூட்டம் போட வேண்டும்.

ஆகவே உறவுநிலைத் தரவுத்தளத்துக்கு, அதாவது ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு, மாறுவது சரியான முடிவு. எனக்கு அதில் எதிர்ப்பே இல்லை.

இந்த "உறவு" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று என் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் "உறவுகளும் சார்புகளும்" பாடம் நினைவிருக்கிறதா? ஏ, பி என்று இரண்டு கணங்கள், அவற்றின் கார்ட்டீசியன் பெருக்கல், அதன் ஓர் உட்கணம்தான் உறவு. "இது எங்க சார் வாழ்க்கையில உதவப் போகுது?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு குரல் வரும். பதில் இதோ. 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர், பெரிய தகவல் தொகுப்புகளை இந்தக் கணித உறவுகளாகவே வைக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர் அவர். மாணவர் எண், பெயர், ஊர், படிப்பு என்று ஒவ்வொரு கணத்திலிருந்தும் ஓர் உறுப்பை எடுத்துச் சேர்த்தால் ஒரு வரிசை. அப்படிப்பட்ட வரிசைகளின் கணம் ஓர் அட்டவணை. கணம் என்பதால் ஒரே உறுப்பு இரண்டு முறை வரக்கூடாது. அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைப்பதால் இந்தப் பெயர் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அட்டவணையே ஓர் உறவு என்பதுதான் பெயர்க் காரணம். அந்த வேலைக்காக 1981இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

எதை நிறுவுவது?

நம் பிள்ளைகள் தேர்ந்தெடுத்திருப்பது போஸ்ட்கிரெஸ். 1986இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழு தொடங்கிய ஆய்வு வேலையின் வாரிசு அது. கட்டற்ற மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. மைஎஸ்க்யூஎல் என்றாலும் மரியாடிபி என்றாலும் நான் சண்டை போட மாட்டேன். மூன்றும் நல்ல பாத்திரங்கள்தான். சமைப்பவர் கையில்தான் ருசி.

ஆனால் ஒன்று. கடைக் கணக்கு எழுதும் நம் உறவுக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரே கடை, ஒரே கணினி, எழுதுகிறவர் ஒரே ஆள் என்றால் உங்களுக்கு சர்வரே வேண்டாம். எஸ்க்யூலைட் போதும். டேட்டாபேஸ் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். உங்கள் கைப்பேசிக்குள் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பலர் பல ஊரிலிருந்து ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்றால்தான் சர்வர். நம் நிதிக்கு அது தேவை. சென்னையில் ஒருவர், கோவையில் ஒருவர், துபாயில் ஒருவர் என்று எழுதப் போகிறார்கள்.

உபுண்டு சர்வரில் ஒரே ஒரு கட்டளையில் போஸ்ட்கிரெஸ் நிறுவப்படும். அதுவே தரவுகளுக்கு ஓர் இடம் ஒதுக்கி, 'போஸ்ட்கிரெஸ்' என்ற பெயரில் ஒரு நிர்வாகப் பயனரை உருவாக்கி, சேவையையும் ஓட விட்டுவிடும். திரையில் பிழை எதுவும் இல்லை. "முடிந்தது" என்ற எண்ணம் வருவது இந்த இடத்தில்தான். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு ஈரம் காயாத நாள் அது. அதற்கு மேல் நான்கு காரியம் இருக்கிறது.

முதல் காரியம்: வாசல்

போஸ்ட்கிரெஸ் 5432 என்ற போர்ட்டில் காது கொடுத்துக் கேட்கும். நிறுவியவுடன் அது தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும். வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. இது நல்ல ஏற்பாடு. வீட்டு மடிக்கணினியிலிருந்து இணைக்க முயலும்போது "கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது" என்று வரும். உடனே இணையத்தில் தேடுவார்கள். யாரோ எழுதிவைத்த இரண்டு வரி கிடைக்கும். ஒன்று, எல்லா முகவரியிலும் கேள் என்று சொல்லும் வரி. இன்னொன்று, யார் எங்கிருந்து வந்தாலும் 'டிரஸ்ட்' செய், அதாவது கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடு என்று சொல்லும் வரி. ஒட்டினால் வேலை செய்யும். உங்களுக்கு வேலை செய்கிறது என்றால் உலகத்துக்கே வேலை செய்கிறது என்று பொருள்.

திறந்து கிடக்கும் போர்ட்டுகளைத் தேடி இரவும் பகலும் நிரல்கள் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. நம்மைத் தனியாக யாரும் குறிவைக்க வேண்டியதில்லை. தெருவில் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறவனுக்கு வீட்டுக்காரர் பெயர் தேவையில்லை.

செய்ய வேண்டியது: வெளியுலகத்துக்கு 5432 மூடியே இருக்கட்டும். வெளியூரில் இருப்பவர் எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக சர்வருக்குள் வந்து, அங்கிருந்து டேட்டாபேஸைத் தொடட்டும். அனுமதிக் கோப்பில் 'டிரஸ்ட்' என்ற சொல்லே இருக்க வேண்டாம். கடவுச்சொல்லுக்கு ஸ்க்ராம் முறை இருக்கட்டும். பதிப்பு 14 முதல் அதுதான் இயல்பு. டாக்கர் வழியாக நிறுவுகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அதில் போர்ட்டை வெளியே காட்டினால், உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ காவல் போட்டிருந்தாலும் அதைத் தாண்டிப் போய்விடும். காவல் இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருப்போம், கொல்லைக் கதவு திறந்திருக்கும்.

இரண்டாவது காரியம்: சாவி

அந்த 'போஸ்ட்கிரெஸ்' பயனர் சர்வ வல்லமை உள்ளவர். எதையும் படிக்கலாம், எழுதலாம், மொத்தமாக அழிக்கலாம். நம் வலைச் செயலியை அந்தப் பெயரில் இணைத்து வைப்பது, தலைமையாசிரியர் அறைச் சாவிக் கொத்தை வாட்ச்மேனிடமும் கேன்டீன்காரரிடமும் கொடுத்துவைப்பது போன்றது. அவர்கள் நல்லவர்கள்தான். சாவி தொலைந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

மூன்று பயனர்கள் போதும். அட்டவணைகளை உருவாக்கவும் மாற்றவும் ஒருவர். அன்றாடம் வரிசை சேர்க்கவும் திருத்தவும் செயலிக்கு ஒருவர். இவருக்கு அட்டவணையையே நீக்கும் உரிமை கிடையாது. கணக்குத் தணிக்கை பார்க்கிறவருக்குப் படிக்க மட்டும் உரிமை உள்ள ஒருவர். பழைய பதிப்புகளில் உள்ளே வந்த யாரும் பொது இடத்தில் புது அட்டவணை உருவாக்கலாம் என்று இருந்தது. பதிப்பு 15இல்தான் அந்த உரிமையை எடுத்தார்கள். பழைய பதிப்பை நிறுவியிருந்தால் நாமே எடுக்க வேண்டும்.

மூன்றாவது காரியம்: உள்ளே இருக்கும் சட்டம்

எக்செல்லுக்கும் டேட்டாபேஸுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். எக்செல் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். டேட்டாபேஸ் "முடியாது" என்று சொல்லும். ஆனால் எதற்கு முடியாது என்று சொல்ல வேண்டும் என்பதை நாம் எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் அதுவும் ஒரு விலை உயர்ந்த எக்செல்தான்.

முதன்மைத் திறவுகோலாக நாமே கொடுக்கும் ஒரு எண் இருக்கட்டும். பெயர் ஆகாது, ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கைப்பேசி எண்ணும் ஆகாது. அண்ணன் தங்கை இருவருக்கும் அப்பாவின் ஒரே எண்தான் இருக்கும். பெயருக்கு 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் வைக்காதீர்கள். அது நம் ஊர் வழக்கம் இல்லை. இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார், ஒருவர் அப்பா பெயரை விரித்து எழுதுவார். ஒரே கட்டம், சான்றிதழில் உள்ளபடி, தமிழில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று. அவ்வளவுதான்.

வங்கிக் கணக்கு எண்ணை எழுத்தாகச் சேமியுங்கள். அதைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே! தொகையை 'நியூமரிக்' வகையில் வையுங்கள். 'ஃப்ளோட்' வகை தசம பின்னங்களைத் தோராயமாகத்தான் வைத்திருக்கும். பணத்துக்குத் தோராயம் கூடாது. தொகை பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். பட்டியலில் இல்லாத மாணவர் பெயரில் பணம் எழுத முடியாதபடி அயல் திறவுகோல் போடுங்கள். நிதியிலிருந்து கழிப்பதும் மாணவர் பெயரில் வரவு வைப்பதும் ஒரே பரிவர்த்தனைக்குள் இருக்கட்டும். நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லாவிட்டால் இரண்டும் நடக்காது.

இனி தமிழ். இதை எத்தனை பேர் கவனிக்கிறீர்கள் என்று தெரியவில்லை. டேட்டாபேஸை உருவாக்கும்போதே யூடிஎஃப்-8 என்று சொல்லி உருவாக்குங்கள். சர்வரின் மொழி அமைப்பு வெறும் 'சி' என்று இருந்தால், போஸ்ட்கிரெஸ் தானாக எடுத்துக்கொள்வது யூடிஎஃப்-8 அல்ல, எஸ்க்யூஎல்-ஆஸ்கி. தமிழ் உள்ளே போகும், வெளியே வரும், ஆனால் அதற்கு அது எழுத்து என்றே தெரியாது.

எழுத்து எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 'பாலசுப்பிரமணியன்' என்ற பெயரில் நம் கணக்குப்படி எத்தனை எழுத்து? பத்து. யூனிகோட் கணக்கில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் பதினாறு. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 48 பைட். ஆகவே பெயருக்கு "இருபது எழுத்து போதும்" என்று அளவு வைத்தால் நீளமான பெயர்கள் அடிபடும். அளவு வைக்காமல் 'டெக்ஸ்ட்' என்றே வையுங்கள்.

அகரவரிசையையும் பாருங்கள். யூனிகோட் பட்டியலில் ந-வுக்கு அடுத்து ன, அதன் பிறகு ப. ர-வுக்கு அடுத்தே ற. வெறும் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கினால் கனகா முன்னால் வந்து கபிலன் பின்னால் போவான். நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. கபிலன்தான் முதலில் வர வேண்டும். போஸ்ட்கிரெஸ் பதிப்பு 10 முதல் ஐ.சி.யூ. என்ற பன்மொழி நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அதில் தமிழ் வரிசை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். தமிழில் நடக்கும் நிதிக்குப் பட்டியலும் தமிழ் வரிசையில் வரட்டும்.

நான்காவது காரியம்: மீட்டுக் காட்டுவது

இதற்காகத்தான் இந்தப் பதிவே. முதல் மூன்றையும் செய்துவிட்டு இதை விட்டால் எல்லாம் வீண்.

போஸ்ட்கிரெஸ் எப்படி எழுதுகிறது என்று சொல்கிறேன். வணிகவியல் படித்தவர்களுக்கு உடனே புரியும். முதலில் குறிப்பேடு, பிறகுதான் பேரேடு. அதுவும் அப்படித்தான். செய்யப் போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வட்டில் பதித்துவிட்டு, அதன் பிறகே அட்டவணையில் ஏற்றும். நடுவில் மின்சாரம் போனால், திரும்ப எழுந்தவுடன் குறிப்பேட்டைப் படித்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும். அருமையான ஏற்பாடு. ஆனால் இது மின்வெட்டிலிருந்து காப்பாற்றும். வட்டு எரிந்தால் காப்பாற்றாது. நாமே தவறுதலாக "எல்லாவற்றையும் அழி" என்று சொன்னால், அதையும் குறிப்பேட்டில் அழகாக எழுதிக்கொண்டு அழித்துவிடும்.

கிட்லேப் என்ற நிறுவனத்தைத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். உலகம் முழுதும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களை அங்கே வைத்திருக்கிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று, போஸ்ட்கிரெஸ் நகல் சர்வர் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், நகலில் அழிப்பதாக நினைத்து அசல் சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜி.பி. சுதாரித்து நிறுத்துவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. காப்புப் பிரதியைத் தேடினார்கள். பல வகையில் காப்பு ஏற்பாடு இருந்தது. அன்றாடம் ஓட வேண்டிய பிரதி எடுக்கும் கருவி, டேட்டாபேஸ் ஒரு பதிப்பிலும் தான் வேறு பதிப்பிலும் இருந்ததால் ஓடாமலே இருந்திருக்கிறது. ஓடவில்லை என்று சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. கடைசியில், சோதனை வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியிலிருந்துதான் மீண்டார்கள். அந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான்.

அந்த நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை. நடந்ததை ஒளிக்காமல் முழுதும் எழுதி வெளியிட்டார்கள். அதற்கு மரியாதை உண்டு. நான் கேட்பது வேறு. முழுநேரமும் இதே வேலையாக இருக்கும் பொறியாளர்களிடமே பிரதி ஓடுகிறது என்ற நம்பிக்கை மட்டும் இருந்து, பிரதி இல்லாமல் போக முடியும் என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் கிடைக்கும் நம் கதி என்ன?

ஆகவே "பேக்கப் ஓடுது சார்" என்ற பதில் எனக்குப் போதாது. பரீட்சைக்குப் படித்தேன் என்பதும் எழுதிக் காட்டுவதும் ஒன்றா? ஒவ்வோர் இரவும் பிரதி எடுங்கள். அதே சர்வரில் வைக்காதீர்கள். மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்து வீட்டைப் பூட்டுவது போல் ஆகிவிடும். வேறு ஊரில், வேறு நிறுவனத்தின் இடத்தில், குறியாக்கம் செய்து வையுங்கள். ஒரு டேட்டாபேஸை மட்டும் பிரதி எடுத்தால் பயனர்களும் அவர்கள் கடவுச்சொற்களும் அதில் வராது; அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு வெறும் கணினியில் அந்தப் பிரதியை மட்டும் வைத்து முழுப் பதிவேட்டையும் உயிர்ப்பித்துக் காட்டுங்கள். எத்தனை மாணவர், மொத்தம் எவ்வளவு ரூபாய் என்று கேட்பேன். அசலில் உள்ள விடையும் இதில் வரும் விடையும் ஒன்றாக இருந்தால் நூற்றுக்கு நூறு.

எதிர்க் கருத்துகளுக்கு என் பதில்

"சார், நாம என்ன பெரிய கம்பெனியா?" இல்லை. அதனால்தான் கேட்கிறேன். பெரிய நிறுவனத்தில் தவறினால் மறுநாள் பத்து பேர் உட்கார்ந்து சரிசெய்வார்கள். நமக்கு அந்தப் பத்து பேர் இல்லை.

"கிளவுடில் அவர்களே பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸை வாடகைக்கு எடுத்தால் என்ன?" இது நல்ல யோசனை. மாதம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். பதிப்புப் புதுப்பித்தல், அன்றாடப் பிரதி இரண்டும் நம் தலையிலிருந்து இறங்கும். பணம் ஒதுக்க முடிந்தால் நான் இதற்கே வாக்களிப்பேன். ஆனால் வாசல், சாவி, உள்ளே இருக்கும் சட்டம் மூன்றும் அப்போதும் நம் பொறுப்புதான். ஒருவருடைய சொந்தக் கடன் அட்டையில் வாடகை கட்டி, அட்டை காலாவதியாகி, நினைவூட்டல் அஞ்சல் அவர் விட்டுப்போன பழைய அலுவலக முகவரிக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். சர்வர் நிதியின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல் ஒரே ஆளின் தலைக்குள் இருக்கக் கூடாது. இரண்டு பேரிடம் இருக்கட்டும். உறையில் போட்டு ஒட்டிய ஒரு பிரதி பொருளாளரின் பீரோவில் இருக்கட்டும்.

"ஒரு தடவை செஞ்சா போதும்ல?" போதாது. போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுதான் ஆதரவு. இந்த ஆண்டு பொறியியலில் சேரும் பிள்ளை படிப்பை முடித்து வேலை தேடும் நேரத்தில், இன்று நிறுவிய பதிப்பு ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருக்கும். அப்போது யார் மாற்றுவது? பெயரை இப்போதே எழுதி வையுங்கள்.

எழுதக் கூடாதவை

கடைசியாக ஒன்று. டேட்டாபேஸில் இடம் இருக்கிறது என்பதற்காகக் கட்டங்களைக் கூட்டாதீர்கள். வரைவுப் படிவத்தில் ஆதார் எண், சாதி, மதம், அம்மாவின் உடல்நிலை என்றெல்லாம் பார்த்தேன். கட்டணம் செலுத்த இவற்றில் எது தேவை? ஒன்றும் இல்லை. இல்லாத தகவலை யாரும் திருட முடியாது. எல்லாக் காவலையும்விடப் பெரிய காவல் இதுதான், செலவும் இல்லை.

2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. நம் பட்டியலில் பாதிப் பேர் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். சட்டம் சொல்லாவிட்டாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். உதவி வாங்குகிறார்கள் என்பதற்காக அவர்கள் வீட்டுக் கதை நமக்குச் சொந்தமாகிவிடாது.

ஆகவே அடுத்த கூட்டத்தில் நான் முன்வைக்கப் போகும் தீர்மானம் இது. சர்வரை நிதியின் பெயருக்கு மாற்றுவது. பொறுப்பாளர் இருவர், ஒருவருக்கு ஒருவர் மாற்று. வரைவிலிருந்து தேவையற்ற கட்டங்களை நீக்குவது. கற்பனைப் பெயர்கள் இருபதை ஏற்றி, பிரதி எடுத்து, அசலை அழித்து, எல்லோர் முன்னிலையிலும் மீட்டுக் காட்டுவது. அது நடந்த மறுநாளே முதல் மாணவியின் பெயரை நானே தட்டச்சு செய்கிறேன். அதுவரை பழைய பதிவேட்டில் மையால் எழுதிக்கொண்டிருப்பேன். அதற்கு மின்சாரமும் வேண்டாம், போர்ட்டும் வேண்டாம்.

துறையில் இருக்கும் மாணவர்கள் இதில் சேர்க்க வேண்டியதைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்தும் எழுதுங்கள். வகுப்பில் போலவே இங்கேயும் கேள்வி கேட்பவருக்குத்தான் முதல் மரியாதை. "சூப்பர் சார்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போக வேண்டாம். மீட்டுக் காட்டும் அந்த ஒரு நாளுக்கு இரண்டு மணி நேரம் தர யார் தயார் என்று சொல்லுங்கள். எனக்கு அதுதான் தேவை.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்